மஸ்கட்டில் அத்தை வளர்த்த பிள்ளை

போர்ட் பிளேர் விமான நிலையத்தின் வாசலில் அத்தை என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டு, "வலிக்குதுன்னு சொல்றதுக்கு அரபியில என்னா சொல்லு, புள்ள?" என்று கேட்டாள். வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டு வந்த பக்கத்து வீட்டு மலையாளி ஒருவர் அதற்கு முந்தைய சில வாரங்களாக அவளுக்குச் சொற்களைச் சொல்லிக்கொடுத்திருந்தார். தண்ணீர், அடுப்பு, குழந்தை, நாளைக்கு என்று எல்லாம் மனத்தில் நின்றிருந்தன. இந்த ஒரு சொல் மட்டும் நழுவிவிட்டது. கூடவே உட்கார்ந்து கேட்ட எனக்கும் அது நினைவுக்கு வரவில்லை. "சரி விடு. அத நான் யார்கிட்ட சொல்லப் போறேன்" என்று சொல்லிவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அத்தை என் அப்பாவின் ஒரே தங்கை. இலங்கைத் தேயிலை மலையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட குடும்பம் எங்களுடையது. கப்பலேற்றிக் கொண்டுவந்து, கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் வேலை கொடுத்தார்கள். அப்பா வாகனம் ஓட்டக் கற்றுக்கொண்டு போர்ட் பிளேருக்கு வந்துவிட்டார். அத்தை தோட்டத்திலேயே பால் வெட்டுகிற ஒருவரைக் கட்டிக்கொண்டு கச்சாலில் தங்கினாள். சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், மாமாவும் நான்கு வயது மகளும் தூங்கிக்கொண்டிருக்க, அவள் விறகு பொறுக்க மேட்டுக்காட்டுக்குப் போயிருந்தாள். தரை ஆடியதும் பதறி இறங்கி ஓடிவந்தாள். வீடு இருந்த இடத்தில் கடல் நின்றது. இரண்டு பேருமே கிடைக்கவில்லை. மீட்புக் கப்பல் அவளைக் கட்டிய சேலையோடு கொண்டுவந்து இறக்கியது. அன்றிலிருந்து பத்துபஸ்தியில் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். பேருந்து மின்னி பே கடலோரமாகப் போகும்போது முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வாள். மற்றபடி சமைத்தாள், துவைத்தாள், என் தலையைப் பின்னிவிட்டாள். அழுது நான் பார்த்ததில்லை.

வெளிநாட்டுக்குப் போகிறேன் என்று ஒருநாள் அவளாகவேதான் சொன்னாள். அப்பா அதிர்ந்துபோனார். "இங்க என்னா கொறச்ச? மறுபடியும் ஒரு கடலத் தாண்டணுமா நீ?" என்றார். அத்தை பாத்திரம் துலக்குவதை நிறுத்தவில்லை. "தண்ணிக்குப் போனா பெங்காலிக்காரம்மா பேச்சாரிங்குது, ஐயோ பாவமாம். கடைக்குப் போனா அந்தாளும் பேச்சாரிங்குறான். என்னய யாருன்னே தெரியாத ஊர்ல போயி ஒரு வேலக்காரியா இருந்துட்டுப் போறேன்ணே" என்றாள். பரிதாபத்தைவிட அந்நியம் அவளுக்கு இலேசாகத் தெரிந்திருக்கிறது.

முதல் வருடம் வெள்ளிக்கிழமைகளில் மட்டும் மஸ்கட்டிலிருந்து பேசுவாள். பாஸ்போர்ட்டை அவள் வேலை பார்த்த வீட்டின் முதலாளி வாங்கித் தன் அலமாரியில் வைத்துப் பூட்டிக்கொண்டது, அவள் படுக்கும் அறையில் ஜன்னலே இல்லாதது, நாள் முழுக்க ஒரு தமிழ்ச் சொல் காதில் விழாமல் தனக்குத் தானே பேசிக்கொள்வது எல்லாவற்றையும் குறையாகச் சொல்லாமல், மழை பெய்தது வெயில் அடித்தது என்பதுபோலச் சொல்வாள். அந்த வீட்டார் கெட்டவர்கள் இல்லை. அதட்டியதில்லை, பட்டினி போட்டதில்லை. இப்போது யோசிக்கும்போது, கெட்டவர்களாக இருந்திருந்தால் நல்லது என்றுகூடத் தோன்றுகிறது. வெறுத்துவிட்டு வந்திருப்பாள்.

இரண்டாம் வருடம் அந்த வீட்டில் ஒரு பெண்குழந்தை பிறந்தது. வீட்டம்மா வேலைக்குத் திரும்பியதும் குழந்தை அத்தையின் கைக்கு வந்தது. அத்தையின் குரல் மாறியதை நாங்கள் தொலைபேசியிலேயே கேட்டோம். புள்ளைக்குப் பல் வந்திருச்சு, புள்ள சுவத்தப் புடிச்சு நிக்கிது, புள்ளைக்கு என் ரசஞ்சோறுதான் வேணுங்குது என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். ஒருமுறை சிரிப்பும் திணறலுமாகச் சொன்னாள்: "மொதமொத அது என்னயப் பாத்து தாலி, தாலின்னுச்சு. எனக்கு நெஞ்சே நின்னுபோச்சு. அப்புறந்தான் புரிஞ்சுச்சு. அரபியில பொம்பளைய வா வான்னு கூப்புடுறது அதுதானாம்." கழுத்து வெறுமையாகிப்போனவள் அந்தச் சொல்லுக்குப் பிறகு ஒரு நாளில் எத்தனை முறை எழுந்து ஓடினாளோ!

விடுமுறையில் ஒரே ஒருமுறை ஊருக்கு வந்தாள். ஒரு மாதம் இருக்க வேண்டியவள், குழந்தை சாப்பிட மறுக்கிறது என்று வீட்டம்மா பேசியதும் பாதியிலேயே கிளம்பினாள். பெட்டி கட்டும்போது அப்பா அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "அது நம்ம புள்ள இல்ல, தங்கச்சி" என்றார். அத்தை ஒரு சின்னச் சட்டையை மடித்துக்கொண்டிருந்தாள், இங்கே கடைவீதியில் குழந்தைக்காக வாங்கியது. "தெரியும்ணே" என்றாள். அந்தச் சட்டையை நீவி நீவி மடித்தாள்.

குழந்தை பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய சில மாதங்களில், வீட்டார் வேறு நாட்டுக்குக் குடிபோவது என்று முடிவானது. அத்தையை உட்கார வைத்துப் பக்குவமாகவே சொன்னார்கள். கைநிறையப் பரிசு கொடுத்தார்கள், விமானச் சீட்டும் எடுத்தார்கள். வீட்டம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாளாம், பிள்ளையிடம் சொல்லாதே, சொன்னால் அழும் என்று. கிளம்பும் நாள் காலையில் வழக்கம்போல அத்தை அதற்குச் சடை பின்னி, காலணி மாட்டி, பள்ளி வண்டியில் ஏற்றிவிட்டாள். வண்டியிலிருந்து அது கையாட்டியது. வண்டி திரும்பி வரும் நேரத்தில் அத்தை விமானத்தில் இருந்தாள்.

இதையெல்லாம் எங்கள் வீட்டுச் சமையலறையில், தரையில் உட்கார்ந்துகொண்டு சொன்னாள். பிறகு அப்பாவைப் பார்த்து, "ரெண்டு தடவையும் நான் சொல்லிக்காமத்தான் வந்தேன்ணே. அன்னிக்கும் எம் மக தூங்குதேன்னு எழுப்பாமத்தான் வெறகுக்குப் போனேன்" என்றாள். அப்போதுதான் அத்தை அழுதாள். இத்தனை வருடமாகத் தேங்கியிருந்தது எல்லாம் வந்தது. அப்பா எழுந்து போய்ப் பின்கட்டில் நின்றுகொண்டார். நான் அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சில மாதங்கள் வீட்டம்மாவே போன் போட்டுக் குழந்தையை அத்தையோடு பேசவைத்தாள். முதலில் குழந்தை தேம்பித் தேம்பி அழும். அடுத்தடுத்து அழுகை குறைந்தது. புதுப் பள்ளி, புதுத் தோழிகள் என்று கதை பேசியது. பிறகு அதன் பேச்சில் இங்கிலீஷ் கலந்தது, அத்தைக்குப் பாதி புரியவில்லை. அழைப்புகளும் நின்றன. ஒரு வருடம் கழித்து, ஏதோ பண்டிகை நாளென்று அத்தையே அழைத்தாள். குழந்தைதான் எடுத்தது. யார் என்று கேட்டது. அந்த வீட்டில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அந்தக் குழந்தைக்கு அவள் பெயரே தெரியாது. "நான்தான்" என்று அரபியில் சொன்னாள். யார் என்று மறுபடியும் கேட்டது. அத்தை தொலைபேசியை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போனாள்.

இப்போது எங்கள் பகுதியிலிருந்து யாராவது வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பினால் அத்தையைத்தான் வந்து பார்க்கிறார்கள். போன மாதம் வண்டூரிலிருந்து ஒரு பெண் வந்தாள். புருஷன் விட்டுப் போனவள், என் வயதுதான் இருக்கும், குவைத்தில் வீட்டு வேலை கிடைத்திருக்கிறது. அத்தை வழக்கம்போலப் பொறுமையாகச் சொன்னாள். பாஸ்போர்ட்டை நகலெடுத்து அண்ணன் தம்பி கையில் கொடுத்துவிட்டுப் போ. இந்தியத் தூதரகத்து நம்பரை மனப்பாடம் பண்ணிக்கோ, போனில் மட்டும் நம்பி வைக்காதே. புரியாத காகிதத்தில் கையெழுத்துப் போடாதே. உடம்புக்கு முடியவில்லை என்றால் முதல் நாளே சொல்லிவிடு. அந்தப் பெண் தலையாட்டிக்கொண்டே கேட்டாள். எழுந்து செருப்பை மாட்டும்போது, "அந்த வீட்ல ரெட்டப் புள்ளைங்களாம் அக்கா. சோட்டா பச்சா, கைக்கொழந்தைங்க. பாத்துக்கிறதுதான் வேலையாம்" என்றாள்.

அத்தை அவளை நிறுத்தினாள்.

"புள்ளைங்களுக்குப் பேச்சு வந்ததும், மொதல்ல உம் பேரச் சொல்லிக் குடு. ஊரு பேரையும் சேத்துச் சொல்லிக் குடு" என்றாள். "பெருசாகித் தேடுனா, எங்கன்னு வந்து தேடும்?"