ரோசலியின் குளிர்

இதை நான் கேள்விப்பட்டு எழுதவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். இரவும் இல்லை. புதன்கிழமை பிற்பகல், சித்திரை வெயில் வாசலில் காய்ந்துகொண்டிருந்தபோது நடந்தது. நம்புவது உங்கள் விருப்பம்.

கோவில்பத்தில் எங்கள் அடுத்த வீடு அல்பேர் அண்ணனுடையது. அவரும் மனைவி ரோசலி அக்காவும் பிரான்ஸில் பல வருடம் இருந்தவர்கள். அக்காவுக்குக் குளிர் ஆகாது. அதற்காகவே அண்ணன் வேலையைப் பாதியில் விட்டுவிட்டுக் காரைக்காலுக்குத் திரும்பினார். செவ்வாய் காலை அக்கா இறந்துபோனார். மகன் புரூனோ பாரிஸிலிருந்து வந்து சேர வியாழன் விடிந்துவிடும். அம்மா முகத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று போனில் அழுதான். அதுவரைக்கும் அக்காவைக் கண்ணாடி மூடிய ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள்.

உறவினர்கள் கல்லறை வேலையாகப் போயிருந்தார்கள். கூடத்தில் நானும் அண்ணனும் மட்டும். ஆஸ்பத்திரியிலும் வீட்டிலுமாகத் தூக்கமே இல்லாமல் அவர் கண்கள் சிவந்திருந்தன.

மூன்று மணி இருக்கும். எழுந்து போய்ப் பெட்டியின் சுவிட்சை அணைத்தார்.

“அண்ணே, என்ன பண்றீங்க?”

“அவளுக்குக் குளிருது தம்பி. கொஞ்ச நேரம் நிறுத்துறேன்.”

“புரூனோ வர்றப்ப முகம் கெடாம இருக்க வேணாமா? உட்காருங்க.”

“ஃபேனை மூணுல வச்சாலே என்னைத் திட்டித் தீர்ப்பா. அவளைப் போயி இதுல படுக்க வச்சிருக்கீங்களே...”

அவர் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். சுவிட்சைப் போட நான் எழுந்தேன். அப்போதுதான் கவனித்தேன். சத்தம் நிற்கவில்லை.

ர்ர்ர்ர்...

பிளக்கைப் பிடுங்கினேன். ஒயர் என் கையில் இருந்தது.

ர்ர்ர்ர்...

குனிந்து கேட்டேன். மோட்டார் பெட்டிக்கு அடியில் இருக்கிறது. சத்தம் மேலிருந்து வந்தது. இடையிடையே, டக்... டக்டக்...

குளிரில் பற்கள் அடித்துக்கொள்ளும் சத்தம்.

கண்ணாடியில் கை வைத்தேன்.

எரிந்தது. அவ்வளவு குளிர்.

அண்ணன் நாற்காலியை விட்டு அசையவில்லை.

“நேத்துலேர்ந்து நாலு தடவை நிறுத்திட்டேன்,” என்றார் களைப்பாக. “அவ விட மாட்டேங்குறா.”

பிளக்கைத் திரும்பச் செருகிச் சுவிட்சைப் போட்டேன்.

வியாழன் விடிகாலை புரூனோ வந்தான். மூடியைத் திறந்தார்கள். தூங்குகிற முகம்தான். ஆனால் கீழுதட்டில் பல் பதிந்த தடம் இருந்தது. செவ்வாயன்று அக்காவைக் குளிப்பாட்டிய பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போது அது இல்லை.

புரூனோ குனிந்து அம்மாவின் நெற்றியில் முத்தமிட்டான்.

சத்தம் நின்றது.

அடக்கம் முடிந்தபின் பெட்டியை எடுத்துப்போக ஜெகபர் அலி வந்தார். அவர்தான் அதை வாடகைக்குக் கொடுத்தவர். பிளக்கைப் போட்டுப் பார்த்தார். அடிப்பலகையைக் கழற்றினார்.

“இங்க கரண்டு எதுவும் ஏறி இறங்குச்சுங்களா?”

“செவ்வாய்க்கிழமை மத்தியானம். எங்க வீட்டு டிவி கூடப் போயிடுச்சு.”

“மோட்டாரும் அப்பவே எரிஞ்சிருக்குங்க. அதுக்கப்புறம் இது ஒரு நிமிசம் கூட ஓடியிருக்காது.”

நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“இந்த வெயில்ல ரெண்டு நாள்... அம்மா எப்படிங்க இருந்தாங்க?”