நிழல் தொலைந்த நேரம்

ஒரு நல்ல கணக்கு டீச்சரை, பள்ளிக்கூடமே பார்க்கப் பொய்க்காரி ஆக்கியவன் நான். சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அப்போது மைசூரில் ஒரு பள்ளிக்கு நான் ஹெட்மாஸ்டர். மரகதம் டீச்சர் கொள்ளேகால் பக்கத்துக்காரர். கணக்கைக் கதையாகச் சொல்வார். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன் ஒரு கிரேக்கர் குச்சி நிழலை வைத்தே பூமியின் சுற்றளவைக் கண்டுபிடித்தாராம்! ஓர் ஊரில் உச்சிவேளையில் நிழலே இல்லை; கிணற்றுக்குள் சூரியன் நேராகத் தெரிகிறது. அதே நாளில், வடக்கே இன்னோர் ஊரில் நிழல் விழுகிறது. பூமி உருண்டை என்பதால்தானே இந்த வித்தியாசம்? நிழலின் சாய்வு, இரண்டு ஊருக்கும் இடையே உள்ள தூரம் — இவ்வளவே போதுமாக இருந்திருக்கிறது அவருக்கு.

"நம்மூர்லயும் வருசத்துல ரெண்டு நாள் நிழல் காணாமப் போகும்ங்க சார். ஆகஸ்ட்ல காட்டட்டுங்களா?"

சரி என்றேன். உச்சிவேளை என்றால் பன்னிரண்டு மணிதானே? நானே மணியடிக்கச் சொல்லி எல்லோரையும் மைதானத்தில் கூட்டினேன். நடுவே ஒரு மூங்கில் கம்பு. நிழல்... இருந்தது. சாண் நீளத்துக்கு!

"என்ன டீச்சர், உங்க கிரேக்கர் இன்னைக்கு லீவா?"

பிள்ளைகள் சிரித்தார்கள்.

"கொஞ்சம் பொறுங்க சார், நம்மூருக்கு உச்சி..."

"போதும். போர்ஷனே முடியல, இதுல புராணம் வேற!" எல்லோரையும் உள்ளே அனுப்பிவிட்டேன்.

அன்றிலிருந்து அவர் 'நெரளு மிஸ்'. நெரளு என்றால் கன்னடத்தில் நிழல். அப்புறம் அவர் வகுப்பில் கதையே இல்லை. புத்தகம், போர்டு, சாக்பீஸ் — அவ்வளவுதான்.

ரிட்டயராகி உட்கார்ந்த எனக்கு, போன ஏப்ரலில் மொட்டை மாடியில் வடகத்துக்குக் காக்கை விரட்டும் வேலை. டி.வி. ஆன்டெனா கம்பத்தின் நிழல் சுருங்கிச் சுருங்கி... காணோம்! கீழே ஓடிக் கடிகாரம் பார்த்தேன். பன்னிரண்டு தாண்டி இருபது நிமிஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. கடிகாரம் நாடு முழுவதற்கும் ஒன்று; சூரியன் அப்படியா? கிழக்கே இருப்பவர்களுக்கு உச்சி காட்டிவிட்டுத்தான் மைசூருக்கு வருகிறது. டீச்சர் சொல்ல வந்தது அதைத்தான்.

அக்ரஹாரத்தில் அவர் வீடு. போய் மன்னிப்புக் கேட்டேன்.

"வீட்டுக்குள்ள கேட்டா எப்படிங்க சார்? மைதானத்துலயில்ல சொன்னீங்க?"

நியாயம்தான். அவர் இன்னும் அதே பள்ளியில்தான் இருக்கிறார். ஆகஸ்டில், அதே மைதானத்தில், மைக் பிடித்து, அந்தக் கிரேக்கரில் தொடங்கி என் தப்பைச் சொன்னேன். வானம் முழுக்க மேகம். பன்னிரண்டு கடந்தது. பழக்க தோஷம், வாட்ச்சைப் பார்த்தேன்.

"ஸ்வல்ப தாளி சார்" என்றாள் முன்வரிசைச் சிறுமி. கொஞ்சம் பொறுக்கச் சொல்கிறாள்!

மேகம் விலகியது. கம்பின் நிழல் விரல் அளவானது, நகம் அளவானது, கம்பின் காலடிக்குள்ளேயே போய் ஒளிந்துகொண்டது. தலைக்கு நேர் மேலே சூரியன், காலுக்குக் கீழே பூமி, நடுவே அளவுகோலாக ஒரு மூங்கில் கம்பு!

"மிஸ், அப்புறம் அந்த கிரீக் தாத்தா என்ன பண்ணாரு?" என்றது ஒரு குரல்.

நான் அறுத்த இடத்திலிருந்து டீச்சர் கதையை எடுத்தார். அதற்குமுன் என் பக்கம் ஒரு பார்வை. "அரை மணி நேரந்தான் பொறுக்கச் சொன்னேன். சார் பதினெட்டு வருசம் எடுத்துக்கிட்டாரு!"

இந்த முறை பிள்ளைகள் சிரித்தது என்னைப் பார்த்து.