பூட்டாத கோப்புறை

"இது எல்லாத்தையும் வாசிச்சுப்போட்டுதோ தம்பி?" என்று அடம்பன் அம்மா கேட்டது இன்னும் காதில் நிற்கிறது. கணினித் திரையில் ஒரு நீண்ட வெள்ளைப் பெட்டி மட்டும் இருந்தது. அதற்குள் சிறு கோடு ஒன்று விட்டுவிட்டுத் துடித்துக்கொண்டிருந்தது. "ஓம் அம்மா, நாலு நாளாய் வாசிச்சது," என்றேன். "அப்ப உன்னைவிடக் கெட்டிக்காரன்தான்," என்றார். முறை வரக் காத்து வாங்குப் பலகையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

காணாமற்போனவர்களின் குடும்பங்களுக்காக மன்னாரில் நடக்கும் சிறிய அலுவலகம் எங்களுடையது. மனுக்கள், வாக்குமூலங்கள், அரசாங்கக் கந்தோர்களிலிருந்து வந்த பதில்கள் என்று இரண்டு அலுமாரி நிறையக் காகிதம். அம்மாவின் மகன் கடலுக்குப் போய்த் திரும்பாதவன். வியாழக்கிழமை தோறும் அம்மா அடம்பனிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, மகனைப் பற்றி ஏதாவது வந்திருக்கிறதா என்று கேட்பார். நான் கோப்புகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு இல்லை என்பேன்.

கணினியில் தாள்களைத் தேடித்தரும் அந்தத் தேடற் சேவையகத்தைப் பற்றிச் சொன்னவர் யாழ்ப்பாணத்து இஞ்சினியர் தம்பி ஒருவர். காசில்லை, நிரல் எல்லோருக்கும் திறந்தது, யாரும் எடுத்து நிறுவலாம். தொலைபேசியில் அவர் சொல்லச் சொல்ல நான் கறுப்புத் திரையில் எழுத்தெழுத்தாக அடித்தேன். ஒரு புள்ளி பிழைத்தாலும் எல்லாம் அழிந்துவிடும் என்று எனக்கு வியர்க்கும். "அண்ணை, ஒண்டும் ஆகாது. மூச்சை விடுங்கோ," என்பார். ஸ்கேன் செய்த தாள்கள் இருக்கும் கோப்புறையைக் காட்டிவிட்டால் அது ஒவ்வொன்றாக வாசித்து, எந்தச் சொல் எந்தத் தாளில் இருக்கிறது என்று தனக்குள் ஓர் அட்டவணை போட்டுக்கொள்ளும். பிறகு பெயரை அடித்தால் தாள் வந்து நிற்கும். கடைசியாக ஒரு வேலை மிச்சம் என்றார்: யார் எதைப் பார்க்கலாம் என்று பிரித்துப் பூட்டுவது. "அதுவரைக்கும் எல்லாருக்கும் எல்லாம் தெரியும். சனத்துக்குத் திறந்துபோடாதேங்கோ." ஓம் என்றேன்.

அலுமாரியின் கீழ்த்தட்டில் முத்திரையிட்ட உறைகள் கிடந்தன. பெயர் வெளியே வராது என்ற உறுதியை நம்பிச் சாட்சிகள் தந்த வாக்குமூலங்கள். அந்த மாரி மழையில் வெள்ளம் வாசற்படிவரை வந்தது. உறைகள் நனைந்தால் என்ன செய்வேன் என்று சோறு இறங்கவில்லை. யாரிடமும் கேட்காமல் அவற்றைப் பிரித்து, ஒன்றையும் வாசிக்காமல், ஸ்கேன் செய்தேன். தனியே வைத்தால் எங்கே வைத்தேன் என்று மறந்துவிடுவேனோ என்று அதற்கும் பயந்து, மற்றவற்றோடு ஒரே கோப்புறையில் போட்டேன். கவலையில்லாத ஒருவன் இந்தப் பிழையைச் செய்திருக்க மாட்டான்.

அம்மா அப்படிக் கேட்ட அந்த வியாழன், பூட்டும் வேலை முடிந்திருக்கவில்லை. ஆனாலும் அம்மாவுக்கு ஒரு முறை காட்டிவிட ஆசை. மகனின் பெயரை அடித்தேன். அம்மாவின் மனுக்கள் வந்தன. அவற்றுக்கு மேலே நான் பார்த்திராத ஒரு தாள். அழுத்தினேன். அம்மா மாதா கோயிலில் வேதவாசகம் வாசிப்பவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கடைசி வாங்குவரை கேட்கும் அதே குரலில் வாசிக்கத் தொடங்கினார். ஓலைத்தொடுவாய்க் கிராமத்து மீனவர் ஒருவரின் முழுப்பெயர். மகனைச் சுட்டதை அவர் கண்ணால் கண்டது. மகனைக் காட்டிக்கொடுத்த இரண்டு பேரின் பெயர்கள். உடலை அவரே புதைத்தது. நான் திரையை அணைத்திருக்க வேண்டும். அணைக்காமல் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் கடைசி வரிக்கு வந்துவிட்டார்: "இடத்தை இப்போது சொல்ல மாட்டேன். பயமில்லாத காலம் வந்தால் நானே வந்து காட்டுவேன்."

அம்மா அழவில்லை. கண்ணாடியைக் கழற்றினார். "முகத்தை மூடித்தான் மண்ணுக்குள்ள தாட்டதோ எண்டு எழுதேல்லையே," என்றார்.

காட்டிக்கொடுத்த இருவரில் ஒருவர் இன்னும் மன்னார்த் தீவில்தான் இருக்கிறார். வாங்கில் இருந்தவர்களில் யார் எங்கே போய்ச் சொன்னார்கள் என்று தெரியாது. மூன்றாம் நாள் அந்த மீனவர் அலுவலகத்துக்கு வந்தார். சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். "உங்களை நம்பித்தானே தந்தனான் தம்பி. என்ர படகை எரிச்சுப்போட்டாங்கள். எனக்குப் பிள்ளையள் இருக்கு," என்றார் மெதுவாக. இடத்தையாவது சொல்லிவிட்டுப் போங்கோ என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அடுத்த நாள் அம்மா ஓலைத்தொடுவாய்க்குத் தேடிப் போனபோது வீடு பூட்டிக் கிடந்தது. குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போய்விட்டார் என்கிறார்கள்.

இப்போது சேவையகம் ஒழுங்காக வேலை செய்கிறது. பூட்டெல்லாம் போட்டாயிற்று. காலையில் மூன்று தரம் சரிபார்க்கிறேன். ஆனால் அதன் பிறகு முத்திரையிட்ட உறை ஒன்றுகூட எங்களிடம் வரவில்லை.

அம்மா வருவதை நிறுத்தவில்லை. ஒரே ஒரு நாள்தான் என்னைக் கடிந்து பேசினார். "உயிரோட இருக்கிறான் எண்டு இருந்தனான், செத்ததைக் காட்டினாய். கிடக்கிற இடத்தைக் காட்ட இருந்த மனிசனையும் ஓடப் பண்ணினாய்." பிறகு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சரி, இடத்தைத் தேடு."

ஒவ்வொரு வியாழனும் தேடுகிறேன். மகனின் பெயரோடு மணல்திட்டு என்று அடிக்கிறேன், பனங்காடு என்று, கிணற்றடி என்று. என் கடவுச்சொல்லுக்கு மட்டும் திறக்கும் அந்த ஒரே தாள்தான் மேலே வருகிறது. அம்மா இப்போது கண்ணாடியை எடுப்பதில்லை. கடைசி வரியை என்னை வாசிக்கச் சொல்கிறார். வாங்கில் இருப்பவர்களுக்குக் கேட்காத குரலில் வாசிக்கிறேன்.