இரண்டு நிற வார்

இப்போது டோக்கன் கைப்பேசியிலேயே வந்துவிடுகிறது. சர்க்கரை மாத்திரைக்காக அரசு மருத்துவமனைக்குப் போகும்போதெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து எண்ணுக்காகக் காத்திருக்கிறேன். கண் மட்டும் தரைக்குப் போகிறது. செருப்புகளைத் தேடுகிறது.

அன்று வரிசையில் நின்றவை செருப்புகள்தாம். விடிகாலையில் வந்து கவுண்டர் முன் கழற்றி வைத்துவிட்டால் அது நம் இடம். வெறுங்காலோடு போய் டீ குடிக்கலாம். உள்ளூர் அட்டை, வெளியூர் அட்டை என்று கவுண்டர் பிரிக்கும். செருப்பு வரிசைக்கு உள்ளூர் அரியாங்குப்பமும் வெளியூர் மரக்காணமும் ஒன்றுதான்.

அப்பா தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் மீன் ஏலம் கூவியவர். தொண்டையில் ஏதோ வளர்ந்து, குரல் வெறும் காற்றாகிவிட்டிருந்தது. காது, தொண்டை டாக்டர் வரும் செவ்வாய்தோறும் போனோம். அப்பா வாயையும் கழுத்தையும் துண்டால் மூடியிருப்பார். செருப்பில் ஒன்று நீல வார், ஒன்று பச்சை வார். களவு போகாதென்று அவரே மாற்றிப் பூட்டியது.

அந்தச் செவ்வாய், தொண்டையில் சதை எடுத்துச் சோதித்ததன் முடிவு தெரியும் நாள். புற்றா, இல்லையா. ஒரு வாரமாக வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. "டாக்டரு முன்னால இதோடயா போய் நிப்பீங்க?" என்று பழசைத் தூக்கிப் போட்டுவிட்டு, புதுக் கறுப்புச் செருப்பை மாட்டி அனுப்பினாள் அம்மா.

டீ குடித்துவிட்டு வந்தால் அது வரிசைக்கு வெளியே கிடந்தது.

"யாருதுய்யா இது, புதுசா நடுவுல பூந்துருந்துது?" என்றாள் மரக்காணத்துக் கருவாட்டுக்காரி. மகளின் காதுக்காக வாராவாரம் எங்களுக்குப் பின்னால் வருபவள்.

நான் வாயெடுத்தேன். அப்பா கையமர்த்தினார். துண்டை விலக்கி, "என்னுதும்மா" என்றார். காற்றுதான் வந்தது.

"அட, நம்ம நீலம் பச்ச! மூஞ்சிய மூடிக்கினு மாப்ள மாதிரி புதுச் செருப்புல வந்தா யாருக்குய்யா தெரியும்?" அவளே வரிசை அதிரக் கத்தினாள். "யோவ், தள்ளு! இவரு எனக்கு முந்தி!"

உள்ளே டாக்டர் காகிதத்தை இரண்டு முறை படித்தார். "புத்து இல்ல பெரியவரே. ஆனா இனிமே கத்தவே கூடாது."

வெளியே வந்தோம். கருவாட்டுக்காரி புருவத்தைத் தூக்கிக் கேட்டாள். கூடை காலியானால் ஏலத்தில் காட்டுவதுபோல, அப்பா உள்ளங்கையை விரித்து வீசினார்.

"ஒண்ணும் இல்லயாம்!" முழு வரிசைக்கும் கேட்கும்படி கூவினாள் அவள்.

அப்பா நின்று அந்தக் குரலைக் கேட்டார். பிறகு என் காதருகே காற்றாய்ச் சொன்னார்: "நல்ல குரலு. ஏலத்துக்கு இட்டுனு போயிடலாம்."