அசையாத மரத்தரை

நகர அரங்கின் ஊழியர்கள் அவருக்கு வைத்த பெயர் தரையம்மா. "தரையம்மா வர்றாங்க" என்று யாராவது குரல் கொடுத்தால் போதும், மேலாளர் பின்வாசல் வழியாக நழுவிவிடுவார். நடன விமர்சகர், கலைச் சங்கச் செயலாளர் என்று மரியாதையான பட்டங்களும் இருந்தன. ஒட்டிக்கொண்டது என்னவோ இதுதான்.

ஆரம்பத்தில் அவரும் மற்றவர்களைப் போல முகபாவம், உடை, ஒப்பனை என்றுதான் எழுதினார். தங்கையால்தான் கண் கீழே இறங்கியது. அந்த அரங்கின் சிமெண்ட் மேடையில் வருடக்கணக்காக ஆடிக் குதித்து, இளவயதிலேயே அவள் முழங்கால்கள் போய்விட்டன. அதன் பிறகு எந்த விமர்சனமானாலும் கடைசிப் பத்தி தரைக்குத்தான்.

"ஆட்டத்தப் பத்தி எழுதுங்க மேடம், தரையப் பத்தி யாரு படிப்பா?" என்று பத்திரிகை ஆசிரியர் அதை வெட்டுவார். இவர் அடுத்த வாரமும் எழுதுவார். மேடைக்கு மரத்தரை கேட்டு மனுவும் கொடுத்தார். அதிகாரிகள் மாறினார்கள், அவர்கள் சொன்ன "பார்க்கலாம்" மட்டும் மாறவில்லை. நடையாய் நடந்து அவருக்கே அலுத்துப்போன சமயத்தில், ஒருவழியாக மரத்தரை வந்தது.

திறப்பு விழாவன்று தங்கையையும் அழைத்துப் போனார். மேடை பளபளவென்று மின்னியது. தங்கை செருப்பைக் கழற்றிவிட்டு, அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு, குதிகாலால் ஒரு தட்டுத் தட்டினாள். முகம் சுருங்கியது.

"அக்கா, இது சிமெண்ட்டுதான்."

மேலாளர் பெருமையாக முன்னால் வந்தார். "சிமெண்ட் மேலயே பலகைய ஒட்டிட்டோம்மா. அடியில மரச்சட்டம் வச்சு இடைவெளி விடச் சொல்லியிருந்தீங்க. விட்டா பூச்சி பொட்டு அடையும்னு நாங்களே அத எடுத்துட்டோம். இப்பப் பாருங்க, அசையவே அசையாது!"

காலுக்கு அசைந்து கொடுக்கத்தானே மரம் கேட்டது! சிரிப்பதா அழுவதா என்று அவருக்குத் தெரியவில்லை.

"விடுக்கா," என்று தங்கை கிசுகிசுத்தாள். "இன்னைக்கு வாயத் திறக்காத. அப்புறம் உன்ன உள்ளயே விட மாட்டாங்க."

அது அவருக்கும் தெரியும். திரைக்குப் பின்னால், அன்று ஆட வேண்டிய சங்கத்துப் பெண்கள் கூந்தலை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். நன்றி சொல்லக் கூப்பிட்டபோது அவர் ஒலிவாங்கி முன் போய் நின்றார்.

"எல்லாருக்கும் நன்றி. தரை அழகா இருக்கு. ஆனா அடியில சிமெண்ட். இதுல பேசலாம், பாடலாம், மாலை போடலாம். ஆட முடியாது. எங்க பொண்ணுங்க இன்னைக்கு ஆட மாட்டாங்க."

மேலாளர் முகத்தில் ஈயாடவில்லை. வெளியேறிய இருவரையும் யாரும் வழியனுப்பவில்லை.

வாசல் படிக்கட்டில் அவர் உட்கார்ந்துவிட்டார். இன்னொரு அலுவலகத்தின் படியேற உடம்பில் தெம்பில்லை. தங்கை கைப்பிடியைப் பற்றி, மெதுவாக, வலியோடு பக்கத்தில் இறங்கி உட்கார்ந்தாள்.

"மறுபடியும் முதல்லேருந்தாக்கா?"

"முதல்லேருந்துதான்."

தங்கை முழங்காலைத் தடவிக்கொண்டாள். "புதுத் தரையில ரெண்டே ரெண்டு அடி ஆடிப் பார்க்கலாம்னு நினைச்சேன்."

"நானும் அதுக்குத்தான்டி இத்தன வருஷம் அலைஞ்சேன்," என்றார் அக்கா.