மகளின் காதுகள்

என் மகளுக்கு ஐந்து வயதில் இரண்டு காதுகளிலும் சீழ் வடிந்தது. வலிக்கிறது என்று அவள் அழவில்லை. தலையணை உறையில் மஞ்சள் கறையைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. அவள் அப்பாவுக்கும் சிறுவயதில் இப்படித்தான் தொடங்கியதாம்.

அவருக்குக் காது மந்தம். வாத்தியார் சொன்னது எட்டாததால் மக்கு என்று கடைசி வரிசையில் உட்கார வைத்தார்கள். அங்கே இன்னும் எட்டவில்லை. நான்காம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். தம்பி படித்து ஆபீசில் உட்கார்ந்தார். இவர் மில்லில் நூற்புப் பக்கம் சேர்ந்தார். அந்த இரைச்சலில் எல்லோருமே உதட்டைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள். அங்கே இவரே கெட்டிக்காரர். ஆனால் மேஸ்திரி வேலை காலியானபோது, ஆபீசில் சொல்வதைக் கேட்டு வர வேண்டுமே என்று வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். கல்யாண வீடுகளில் கூப்பிட்டால் திரும்புவதில்லை, தலைக்கனம் என்பார்கள். தலைக்கனமா! என் முகத்தைப் பார்த்தே தலைவலி என்று கண்டு, சுக்குக் காப்பி போட்டுத் தருகிறவருக்கு!

அந்த வாரம் தொண்டாமுத்தூரிலிருந்து அவருடைய அக்கா, என் நங்கையா, வந்திருந்தார். பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயோடு என் மகளை மடியில் கிடத்தினார்.

"இதுக்குப் போயி ஆஸ்பத்திரியா கண்ணு? ரண்டு சொட்டு உட்டாச் செரியாப் போயிரும். உன்ற ஊட்டுக்காரனுக்கும் நாந்தான் உட்டேன். தானா நின்னு போச்சில்ல?"

"சீழு நின்னுதுங்க நங்கையா. காதும் போயிருச்சுங்களே."

"படிச்ச புள்ளைக்கு வாயி கோயமுத்தூரு நீளம்."

எதிரே சுவரோரம் என் வீட்டுக்காரர் தன் செருப்புக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். நான் குரலைத் தாழ்த்தி, "எம்புள்ள இவராட்டம் ஆயிறக் கூடாதுங்க" என்றேன்.

குரலைத் தாழ்த்தி என்ன பயன்? சுத்தியல் பாதியில் நின்றது. அவர் என் உதட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். பேசாமல் எண்ணெய் விடச் சொல்லியிருக்கலாமோ, அக்காவைத் தனியே அழைத்துச் சொல்லியிருக்கலாமோ என்று மனம் அடித்துக்கொண்டது.

காலையில் அவர் வேலைக்குக் கிளம்பவில்லை. மகளைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார்.

"கெளம்பு அம்மணி, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"ஏனுங்க, நேத்து நான் சொன்னது..."

"நெசத்தத்தான சொன்னே? எங்கக்கா அந்த எண்ணெய அது தலைக்கே தேச்சுக்கட்டும்."

காதுக்குள் எண்ணெயும் தண்ணீரும் போகக் கூடாது, தினமும் பஞ்சால் துடைத்து மருந்து விட வேண்டும் என்றார் டாக்டர். செவிப்பறையில் ஓட்டை விழுந்திருக்கிறது. ஆறலாம், ஆறாமலும் போகலாம். துடைக்கும் வேலையை இவரே எடுத்துக்கொண்டார். அறுந்த நூலை முடிந்து பழகிய விரல்கள் அவை. நான் துடைத்தால் கத்துகிறவள் அவரிடம் சிணுங்கக்கூட மாட்டாள்.

சீழ் நின்ற பிறகுதான் எனக்குப் பயம் கூடியது. அவருக்கும் நின்றதுதானே? மாலையில் மகள் விளையாடும்போது அவர் பின்னால் நின்று மெதுவாக, "கண்ணு" என்பார். எவ்வளவு மெதுவாகக் கூப்பிட்டார் என்று அவருக்கே தெரியாததால் என்னைப் பார்ப்பார். இன்னும் குறைக்கச் சொல்லி நான் கையைக் காட்டுவேன்.

ஒரு நாள் கூப்பிட்டார். குறைத்துக் கூப்பிட்டார். இன்னும் குறைத்தார். அவள் புளியங்கொட்டைகளை அடுக்கிக்கொண்டே இருந்தாள்; திரும்பவில்லை.

"ஏனுங்கப்பா, சும்மா சும்மா கூப்புடறீங்க? நான் வெளையாடறது தெரியலீங்களா?" என்றாள், திரும்பாமலே.

அவள் முதுகைக் காட்டிக்கொண்டிருந்ததால் அவருக்கு ஒன்றும் புரியவில்லை. என்ன சொன்னாள் என்று என் முகத்தைப் பார்த்தார். நான் அவள் சொன்னதை ஒவ்வொரு வார்த்தையாக உதட்டால் சொன்னேன், அவளுடைய கோபத்தையும் சேர்த்து.