உளிக்குத் தைத்த உறை

பிரெஞ்சுக்காரன் எங்கள் ஊரை விட்டுப் போன மறு வருஷம் எனக்குக் கல்யாணம் ஆனது. முத்தியால்பேட்டையில் தச்சு வேலை செய்துவந்தேன். உளி, அரம், ரம்பம் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் குவித்துப் போட்டிருப்பேன். தேடி எடுக்கும்போது விரலில் கீறும். அது எனக்குப் பழகிவிட்டது.

ஒருநாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது பெட்டியைத் திறந்தேன். என் மனைவி மேரி கோணித்துணியை அறை அறையாகத் தைத்து, ஒவ்வோர் உளியையும் தனித்தனியே செருகி வைத்திருந்தாள்.

"தொழில் பெட்டியில பொம்பள எதுக்குக் கைய வைக்கற?" என்று கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அவள் பையில் துணிகளை எடுத்துப் போட்டுக்கொண்டு அம்மா வீட்டுக்குக் கிளம்பினாள். வாசலில் நின்று திரும்பினாள்.

"தெனம் சோத்துல கொழம்பு ஊத்துனதும் கைய ஒதறுறீங்க. விரலெல்லாம் வெட்டு. எரியுதுன்னு ஒருநாளாவது சொன்னீங்களா?"

என் விரல்களைப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்க எனக்கு வராது. சின்ன உளியை எடுத்து அவளிடம் நீட்டினேன்.

"இதுக்கு உறை லூசா இருக்குது. கொஞ்சம் புடிச்சுத் தெச்சுக் குடு."

"ஏன், இப்ப மட்டும் பொம்பள கைய வைக்கலாமா?" என்றபடி வாங்கிக்கொண்டாள். பையோடு உள்ளே போனாள்.

எரிச்சலை நான் ஒருவனே பொறுத்துக்கொள்வதாக நினைத்திருந்தேன். எனக்கு எதிரே உட்கார்ந்து அவளும் அதைப் பொறுத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.